இட்லிக் கொப்பரை மூடியும் பறக்கும் தட்டும்: கேள்வி பதில்

திருமண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் சட்டைக் கறையை நீக்குவதும் மழை வானத்தை நீல வானமாக்குவதுமாக இருபது ஆண்டுகள் ஓட்டியவன் நான். இப்போது சில மாதங்களாக விளையாட்டுக்குப் பறக்கும் தட்டுப் படங்கள் செய்து எங்கள் புகைப்பட நண்பர்களிடம் காட்டிவருகிறேன். "எப்படிச் செய்தீர்கள்?" என்று தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு மொத்தமாகப் பதில் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன்.

அண்ணா, என்னிடம் கணினி இல்லை, கைப்பேசிதான். காசு செலவழிக்காமல் செய்ய முடியுமா? – கல்லூரி மாணவி, திருச்சி

தாராளமாகச் செய்யலாம், தங்கையே. கூகுளின் ஜெமினி செயலியில் படத்தை ஏற்றி, என்ன வேண்டும் என்று தமிழிலேயே எழுதினால் போதும். 2025 ஆகஸ்டில் 'நானோ பனானா' என்ற செல்லப் பெயருடன் வந்ததே, அந்த வசதிதான். இலவசமாக ஒரு நாளைக்கு இத்தனை படம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். விளையாட்டுக்கு அது போதும். வீட்டில் யாரிடமாவது நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி இருந்தால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ மென்பொருளை இறக்கி, இணையமே இல்லாமல் இயக்கலாம்.

ஆனால் கருவியைவிட முக்கியமானது அடிப்படைப் படம். சுமாரான படமாக எடுங்கள். கரண்ட் கம்பி, தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் பாதி எருமை. தற்செயலாக எடுத்தது போல இருக்க வேண்டும். சூரிய அஸ்தமனமும் மலையும் ஏரியும் கச்சிதமாக அமைந்த படத்தில் தட்டைப் பறக்கவிட்டால் அது காலண்டர் படமாகிவிடும்.

சார், எவ்வளவு சொன்னாலும் ஏஐ எனக்குப் பெரிய, பளபளப்பான, பொம்மைக் கடைத் தட்டைத்தான் தருகிறது. எங்கே தவறு செய்கிறேன்? – வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு தவறுகள். முதலாவது அளவு.

கைப்பேசியின் வழக்கமான கேமராவில் 4000 பிக்சல் அகலமுள்ள படம் எடுத்தால், முழு நிலவு அதில் ஏறக்குறைய 25 பிக்சல்தான் வரும். நிலவைப் படமெடுத்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று எல்லோரும் ஏமாந்திருப்போம். 10 மீட்டர் அகலத் தட்டு, அதாவது கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம், ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் வானத்தில் நிலவைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். படத்தில் 30 பிக்சலைத் தொடாது. அதையே 300 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள், நூறு பிக்சலுக்குப் பக்கத்தில் வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் தட்டு 1400 பிக்சல் அகலம். கணக்குப்படி அது உங்கள் மொட்டைமாடியிலிருந்து இருபது மீட்டரில் நிற்கிறது. அப்படியிருக்க, கொடியில் காயும் வேட்டி அசையக்கூட இல்லையே!

இரண்டாவது, காற்று. தூரத்தில் இருக்கும் எதுவும் முழுக் கறுப்பாகத் தெரியாது. நடுவிலுள்ள தூசியும் ஈரமும் கறுப்பை வெளிறிய நீலச் சாம்பலாக்கிவிடும். நான் ஒரு சின்ன வேலை செய்வேன். படத்தில் மிகத் தொலைவில் உள்ள பனைமரத்தின் இருண்ட பகுதியில் நிறம் எடுக்கும் கருவியை வைத்துப் பார்ப்பேன். தட்டும் அதே தூரத்தில் இருப்பதாகக் கதை என்றால், தட்டின் அடிப்பகுதி அந்தப் பனையைவிட இருட்டாக இருக்கக் கூடாது. இருந்தால் தட்டின் கறுப்பை மட்டும் வெளிறச் செய்துவிடுவேன். அந்த ஒரு நகர்த்தலில், பொம்மையாக இருந்தது விமானமாகிவிடும்.

கட்டளை எழுதும்போது 'பிரமிப்பூட்டும்', 'சினிமாத்தரம்', '8கே' போன்ற சொற்களை மறந்துவிடுங்கள். நான் எழுதுவது இப்படி: "தொலைவில் சிறிய, மங்கலான சாம்பல் நிறத் தட்டு. காலை வெயில் இடப்பக்கமிருந்து. விளக்குகள் வேண்டாம். கைப்பேசியில் அவசரமாக எடுத்தது போல."

தட்டு வைக்கத்தான் சொன்னேன். மாடியில் நின்ற என் கணவரின் முகத்தையும் மாற்றிவிட்டது. மாமியாருக்குப் புதிய முகம் பிடித்திருக்கிறது, ஆனாலும் பழையதே வேண்டும். – இல்லத்தரசி, சேலம்

பழையவரை மீட்டுவிடலாம், கவலை வேண்டாம். இந்தக் கருவிகளில் பல, நீங்கள் சொன்ன இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவதில்லை. படம் முழுவதையும் புதிதாக வரைந்து தருகின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் ஓடுகளின் எண்ணிக்கை, சுவரெழுத்து, முகம் எல்லாம் நகர்ந்திருக்கும். அதே படத்தில் திரும்பத் திரும்பத் திருத்தம் கேட்டால் நகர்வு கூடிக்கொண்டே போகும்.

மருந்து எளிது. ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் அசல் படத்தை அடியிலும் ஏஐ தந்ததை அதன்மேல் இன்னொரு லேயராகவும் வையுங்கள். அளவு வேறாக இருக்கும், பொருத்திக்கொள்ளுங்கள். பிறகு மாஸ்க் போட்டு, தட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வானத்தையும் தவிர எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் 2023 மே மாதம் வந்த ஜெனரேட்டிவ் ஃபில், நீங்கள் வளைத்துக்காட்டிய இடத்தை மட்டுமே நிரப்பும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று: ஏஐ வரைந்த வானம் வெண்ணெய் போல வழுவழுப்பாக இருக்கும், கேமரா எடுத்த வானத்தில் நுண்ணிய மணல் தூவினாற்போல நொய்ஸ் இருக்கும். ஒட்டிய இடத்தில் மட்டும் அந்த மணலைத் தூவிவிட்டு, மொத்தப் படத்தையும் ஒரே ஒருமுறை ஜேபெக்காகச் சேமியுங்கள்.

உங்கள் கண்மாய்ப் படத்தில் உள்ள தட்டை எந்த ஏஐ வரைந்தது? உலோகம் அவ்வளவு இயல்பாக இருக்கிறதே. – பொறியாளர், மதுரை

எந்த ஏஐயும் வரையவில்லை. அது என் வீட்டு இட்லிக் கொப்பரையின் மூடி.

சிரிக்காதீர்கள், இதுதான் என் உண்மையான பரிந்துரை. மூங்கில் கழியின் நுனியில் தையல் நூலால் மூடியைக் கட்டி, கண்மாய்க் கரையில் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தூண்டில் நரம்பு வேண்டாம், வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூடியின் மேற்பக்கத்தில் வானத்தின் நீலம். இடது விளிம்பில் வெயிலின் வெள்ளைக் கோடு. அடிவயிற்றில் செம்மண் கரையின் சிவப்பு லேசாக ஏறியிருந்தது. மூடியில் ஏற்கெனவே இருந்த ஒரு நசுங்கல்கூட நிழல் காட்டியது. அந்தச் செம்மண் சிவப்பை வரையும்படி கட்டளை எழுத எனக்குத் தோன்றியே இருக்காது. கேட்காமல் எந்தக் கருவியும் எனக்கு இதுவரை தந்ததும் இல்லை.

பிறகு ஏஐயிடம் கேட்டது இரண்டே வேலை: நூலை அழி, கழியை அழி. மூடியைச் சுருக்கி, மங்கலாக்கி இடத்தில் வைத்தது நான். அந்தக் காலத்துக் குறும்புக்காரர்கள் நூல் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயம் போய்விட்டது. அதற்காகத்தான் நான் ஏஐயைக் கொண்டாடுகிறேன். தட்டை அதனிடம் கேட்காதீர்கள், நூலை அழிக்கக் கேளுங்கள்.

தம்பி, 1950களின் கறுப்பு வெள்ளைப் படம் போலச் செய்ய ஆசை. ஏஐயிடம் 'பழைய படம்' என்றால் பழுப்பு நிறமும் கீறலுமாகத் தருகிறது. – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, பழுப்பும் கீறலும் பழமைக்கு இவர்கள் போடும் அரிதாரம். 1950இல் எடுத்த சாதாரணப் படம் நல்ல சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். நிறத்தை எடுத்துவிட்டு, ஃபிலிமின் பொடிப்பொடியான புள்ளிகள் தெரியும்படி செய்து, அடிவானத்தை ஒரு டிகிரி சாய்த்தால் போதும்.

மாதிரிக்கு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மெக்மின்வில் படங்களைப் பாருங்கள். பால் டிரென்ட் என்ற விவசாயி 1950 மே 11 அன்று தம் பண்ணையில் எடுத்ததாகச் சொன்ன இரண்டு படங்கள்; அடுத்த மாதமே 'லைஃப்' இதழில் வந்தன. மேலே ஓடும் கம்பிகளில் நூல்கட்டித் தொங்கவிட்ட ஏதோ ஒன்று என்பது சந்தேகக்காரர்களின் கட்சி. எனக்குப் பிடித்த வாதம் வேறு. மாலையில் எடுத்ததாக டிரென்ட் தம்பதி சொன்னார்கள். கொட்டகையின் கூரையோரத்து நிழல்களோ காலை நேரத்தைக் காட்டுகின்றன என்று அந்தச் சந்தேகக்காரர்களில் ஒருவரான ராபர்ட் ஷேஃபர் வாதிட்டார். நீங்கள் எந்தக் கதை சொன்னாலும் முதலில் நிழலைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

தட்டின் நிழலைத் தரையில் போட வேண்டுமா? – கல்லூரி மாணவர், சென்னை

பெரும்பாலும் வேண்டாம். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் உச்சி வெயிலில் 100 மீட்டர் உயரத்தில் நிற்கும் தட்டின் நிழலுக்கு ஓரம் சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு மங்கியிருக்கும். 10 மீட்டர் தட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டால் அழுத்தமான நிழலே விழாது. கத்தரித்து ஒட்டினாற்போன்ற கூர்மையான நிழலை ஏஐ தந்தால் அழித்துவிடுங்கள்.

இரவுப் படம் எளிதல்லவா? – பெயர் வேண்டாம் என்றவர், யாழ்ப்பாணம்

எளிது. அதனாலேயே எனக்கு அதில் ருசி இல்லை. தெருவிளக்கைப் படமெடுத்தாலே, லென்ஸுக்குள் எதிரொளித்து, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு பச்சை ஒளி தானாக மிதக்கும். 2019 மே மாதத்தில் முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில்பெட்டி போல வரிசையாகப் போனபோது, எந்தத் திருத்தமும் இல்லாமலே பறக்கும் தட்டு என்று பலர் அலறினார்கள்.

சார், நான் செய்த படத்தை எங்கள் பாட்டி நிஜமென்று நம்பிவிட்டார். இது தப்பில்லையா? – பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

என் கதையைச் சொல்கிறேன். கண்மாய்ப் படத்தைக் குடும்பக் குழுவில் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அத்தை அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா டார்ச்சுடன் கண்மாய்க் கரையில் நின்றார். கூட நாலு பேர். நேரில் போய் மூடியைக் காட்டிய பிறகும் ஒருவர் மட்டும் "நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள்" என்றார். மாமா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஒரு தடயம் வைக்கிறேன். தட்டின் பக்கவாட்டில் 'வாடகைக்கு விடப்படும்' என்ற எழுத்து, அல்லது விளிம்பில் காயப்போட்ட ஒரு துண்டு. பெரிதாக்கிப் பார்த்தவர் சிரிப்பார். அனுப்பும்போதும் நானே இது விளையாட்டு என்று எழுதிவிடுகிறேன். விமான நிலையம், விபத்து, தீ, செய்தித் தொலைக்காட்சியின் சின்னம் இவற்றின் பக்கம் போவதில்லை. 2023 மே 22 அன்று பென்டகன் அருகே குண்டுவெடிப்பு என்று ஒரு பொய்ப்படம் சுற்றி, அமெரிக்கப் பங்குச்சந்தையே சில நிமிடம் சறுக்கியது.

கூகுள் கருவிகள் படத்துக்குள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிக்கின்றன. அதை நீக்குவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பதில் இல்லை.

மற்றவர்கள் செய்த பொய்ப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – கடை உரிமையாளர், ஈரோடு

தட்டைப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ளதைப் பாருங்கள். 2007இல் ஹைட்டி நாட்டில் எடுத்ததாக ஒரு வீடியோ உலகத்தையே கலக்கியது. கணினியில் செய்தது அது. ஒரே தென்னை அச்சுப் பிசகாமல் மறுபடியும் நிற்பதைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ஊர் ஆளை ஏமாற்றவே முடியாது, எந்தத் தென்னை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தவர்கள்.

நீங்கள் பறக்கும் தட்டை நம்புகிறீர்களா? – பலர்

அமெரிக்க விமானப்படை 'புளூ புக்' திட்டத்தில் 1969 வரை சேர்த்த 12,618 தகவல்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்காதது வேறு, விண்கலம் வந்தது வேறு. ஆனாலும் மாடியில் படுத்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

என் ஏழு வயது மகள் பிறந்தநாளுக்கு, அவளும் பறக்கும் தட்டும் உள்ள படம் கேட்கிறாள். – தந்தை, சிங்கப்பூர்

தட்டை அவளையே வரையச் சொல்லுங்கள். 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சி ரைட்டும் 9 வயது ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸும் தாளில் வரைந்த தேவதைகளை வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்திப் படமெடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே நம்பிவிட்டார். அவர்கள் உண்மையை ஒப்புக்கொண்டது 1983இல்.

உங்கள் மகளின் வரைபடத்தைப் படமெடுத்து, "இதே வடிவத்தில், உலோகத்தால் ஆன தட்டாக்கு" என்று ஏஐயிடம் கேளுங்கள். சக்கரம் ஐந்து வரைந்திருந்தால் ஐந்தும் இருக்கட்டும். அவளைப் படமெடுக்கும்போது நீங்கள் ஒரு பலூனை உயரத்தில் பிடித்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டைச் சரியாகப் பலூன் இருந்த இடத்தில் வையுங்கள். பார்வை ஒரு பக்கமும் தட்டு இன்னொரு பக்கமும் இருந்தால் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் படம் விழுந்துவிடும்.

கடைசியாக ஒன்று: அந்த மூடி இப்போது எங்கே? – பொறியாளர், மதுரை (மறுபடியும்)

கொப்பரையின் மேல்தான். தம்பி கழியை ஒருமுறை கைதவற விட்டதில் விளிம்பில் இரண்டாவது நசுங்கல் விழுந்து, அந்தப் பக்கம் ஆவி கசிகிறது. ஈரத்துணி சுற்றித்தான் இட்லி அவிக்கிறார்கள். புது மூடி வாங்கித் தரும்வரை இந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்க வேண்டாம்.