நெதர்லாந்து கிராமப்புறத்தில் ஒரு நாள் முழுக்க சைக்கிளில் சுற்ற எப்படித் திட்டமிடுவது? மேடே இல்லாத ஊர்தானே, 100 கி.மீ. போக முடியுமா?

முடியும். ஆனால் முதல் தடவையே 100 வேண்டாம், 70 போதும். அப்புறம் "மேடே இல்லாத ஊர்தானே" என்பதை மறந்துவிடுங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கிளம்பி நாக்கு தள்ளிப்போய் வந்தவன்.

நான் உட்ரெக்ட்டில் இருக்கிறேன். வந்த முதல் வருடம், கிண்டர்டைக் காற்றாலைகளைப் பார்க்க இங்கிருந்து மேற்கே சைக்கிளில் கிளம்பினேன். மேப்பில் 70 கி.மீ. காட்டியது, மணிக்கு 15 என்று வைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. ஊரைத் தாண்டும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லெக் ஆற்றுக் கரைமேல் ஏறியதும் காற்று நேராக முகத்தில் அடிக்க ஆரம்பித்தது, கீழே ஒரு பண்ணை வீட்டில் கொடி விறைப்பாக என்னைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது, மிதிக்க மிதிக்க மணிக்கு 8, 9 கி.மீ.க்கு மேல் போகவில்லை. எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா பேட்டரி சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, மணியடித்து, வணக்கம் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். மலை என்றால் ஏறிய பிறகு இறக்கமாவது உண்டு, எதிர்காற்றுக்கு அது கிடையாது. இந்த ஊர்க்காரர்கள் புயல் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காற்றில் தேசியப் போட்டியே நடத்துகிறார்கள், அவ்வளவு பழக்கம் அவர்களுக்கு. நமக்கு இல்லை.

அதனால் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் காற்றின் திசையைப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். புறப்பட்ட இடத்துக்கே வட்டமடித்துத் திரும்புகிற வழியை விட்டுவிட்டு, காற்று வருகிற பக்கத்துக்கு ரயிலிலோ படகிலோ போய் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரே திசையில் வாருங்கள். முந்தின நாள் மாலை வானிலையைப் பார்த்து முடிவு செய்தால் போதும். இங்கே காற்றை பியூஃபோர்ட் எண்ணில் சொல்வார்கள். 3 வரை கவலையில்லை, 4 என்றால் உணர்வீர்கள், 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கி.மீ. வேகக் காற்று, எதிரே வந்தால் அன்றைய நாள் காலி. கிழக்குக் காற்று என்று சொன்னால் கீழே சொல்லும் வழியை அப்படியே தலைகீழாகப் போங்கள்.

நான் இப்போது யாருக்குச் சொன்னாலும் சொல்கிற வழி, அன்று நான் போனதன் தலைகீழ். ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பாலத்தடியிலிருந்து வாட்டர்பஸ் படகு, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். கிண்டர்டைக் போகும் படகின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துவிடுங்கள். அங்கே 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டியவை, தாழ்ந்த நிலத்துத் தண்ணீரை இறைத்து மேலே தள்ளுவதற்காக. ஒரு வரிசை செங்கல்லில் உருண்டையாக இருக்கும், எதிர் வரிசை எண்கோணமாக நாணல் வேய்ந்தது, நடுவில் வாய்க்காலை ஒட்டி சைக்கிள் பாதை. பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் பாதை முழுக்க நிற்கும், அதற்கு முன் கடந்துவிடுங்கள்.

அங்கிருந்து லெக் ஆற்றின் தென்கரையில் ஸ்ட்ரேஃப்கெர்க், க்ரோட் அம்மர்ஸ் வழியாக 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இந்தக் கரைமேல் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடது கைப்பக்கம் ஆறு, வலது கைப்பக்கம் மாடு மேயும் புல்வெளி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் ஆறுதான் உயரத்தில் இருக்கும். சில வீடுகளின் கூரை உங்கள் சக்கர மட்டத்துக்கு வரும். நான் அங்கே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு வாங்கியதும் ஒரு காரணம்.

கெல்கெனெஸில் ஃபெரி ஏறி எதிர்க்கரையில் ஸ்கோன்ஹோவன், வெள்ளி வேலைக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவேன். பிறகு ஃப்ளிஸ்ட் என்ற குட்டி ஆற்றை ஒட்டி ஹாஸ்ட்ரெக்ட் வரை. தலையை மொட்டையடித்த மாதிரி வெட்டிவிட்ட வில்லோ மரங்கள், சீஸ் விற்கும் பண்ணைகள். முழு வழியிலும் எனக்குப் பிடித்தது இந்தத் துண்டுதான், ஆனால் இங்கே வடமேற்காகத் திரும்புவதால் காற்று பக்கவாட்டில் தள்ளும், தெரிந்திருக்கட்டும். ஹாஸ்ட்ரெக்ட்டிலிருந்து மறுபடி முதுகுக்காற்று. அவ்டவாட்டரில் ஒரு பழைய எடைக்கூடம் இருக்கிறது, சூனியக்காரிக்கு எடையே இருக்காது என்று நம்பிய காலத்தில், அப்படிப் பழி சுமத்தப்பட்டவர்கள் வந்து எடை போட்டு "இவர் சாதாரண ஆள்தான்" என்று சான்றிதழ் வாங்கிப்போன இடம். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கும் எடை போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். அப்புறம் மொன்ட்ஃபோர்ட் வழியாக உட்ரெக்ட். மொத்தம் 65–70 கி.மீ. நடுவில் முடியவில்லை என்றால் ஹாஸ்ட்ரெக்ட்டிலிருந்து கவ்டா ரயில் நிலையம் பக்கம்தான், அவ்டவாட்டரிலிருந்து வூர்டன் நிலையம். இப்படிப் பாதியில் ரயில் ஏற வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வழியையும் முடிவு செய்யாதீர்கள்.

வழி தெரியாமல் போகுமோ என்ற பயமே வேண்டாம். க்னோப்பன்ட் என்று ஒரு முறை உண்டு, பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், பச்சையும் வெள்ளையுமான சின்னப் பலகையில். இணையத்தில் வழியைப் போட்டால் எண் வரிசை வந்துவிடும், அதைத் துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போனை எடுக்கவே தேவையில்லை. வேறு பகுதிக்குள் நுழையும்போது பழைய எண்களே திரும்ப வரலாம், குழம்பிவிடாதீர்கள்.

வார நாட்களில் காலை 6:30–9:00, மாலை 16:00–18:30 நெரிசல் நேரத்தில் ரயிலில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், மற்ற நேரத்தில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட். சனிக்கிழமை போனால் இந்தத் தொல்லை இல்லை. ஞாயிறு வேண்டாம், லெக் தென்கரை ஊர்கள் தேவாலயப் பற்று மிகுந்தவை, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தண்ணீர்கூட வாங்க முடியாமல் நான் திண்டாடியிருக்கிறேன்.

வாடகை சைக்கிளில் இரண்டு விஷயம். சீட்டை நம் உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள், சில சமயம் அது இறங்கவே இறங்காது, அப்போது சின்ன சைக்கிளாகக் கேட்டு வாங்குங்கள். பலவற்றில் கை பிரேக் இருக்காது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். கடை வாசலிலேயே நாலு சுற்று சுற்றிப் பழகுங்கள், நான் பழகாமல் போய் முதல் சிக்னலில் ஒரு வேனின் பின்புறத்தில் போய் முட்டப் பார்த்தேன்.

மழைக்கோட்டு கட்டாயம், வெயில் நாளிலும். கரைமேல் நிழலே கிடையாது, தொப்பியும் வேண்டும். உட்ரெக்ட் நிலையத்தடியில் நிறுத்தினால் வரிசை எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே 12,500 சைக்கிள் நிற்கும், எல்லாம் கறுப்பாக ஒரே மாதிரி இருக்கும்.