கார்னோபா டப்பாவுல எவ்ளோ கார்னோபா இருக்கு?

கேள்வி: புதுசா வெள்ளை ஹேட்ச்பேக் எடுத்து மூணு மாசம் ஆச்சு. ஆக்சஸரீஸ் கடையில ஒரு வாக்ஸ் டப்பா 450 ரூபா, இன்னொண்ணு 2,800 ரூபா. ரெண்டுலயும் "100% ப்யூர் கார்னோபா"ன்னு போட்டிருக்கு. எதை வாங்கட்டும்? (கோவை வாசகர்)

பதில்: 450 ரூபா டப்பாவே போதுங்க. மிச்ச காசுல நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்குங்க, அதுதான் உங்க பெயிண்டை உண்மையில காப்பாத்தப் போகுது.

அந்த 100%ங்கறது கொஞ்சம் குசும்பான வார்த்தை. கார்னோபாங்கறது ஒரு பனை ஓலை மெழுகு. உள்ள போட்ட அந்த மெழுகு கலப்படம் இல்லாததுன்னு அர்த்தமே தவிர, டப்பா முழுக்க கார்னோபான்னு இல்ல, அப்படி இருக்கவும் முடியாது. சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில நான் ஒருதடவை கார்னோபா சில்லு கொஞ்சம் வாங்கிப் பாத்தேன், வெளிர் மஞ்சள்ல ஒடைஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கும், வெரல்ல போட்டு எவ்ளோ தேச்சாலும் ஒட்டவே ஒட்டாது, நகத்தால அழுத்தினா பொடியாத்தான் போச்சு. அதை பானட்ல தேச்சா கோடுதான் விழும். அதனால சால்வென்ட் (கரைப்பான்), எண்ணெய், தேன்மெழுகு, பாரஃபின்னு எதையாவது கலந்து இளக்கித்தான் டப்பாவுல ஊத்துறாங்க. எதை எவ்ளோ கலந்தாங்கன்னு பெரும்பாலும் லேபிள்ல சொல்ல மாட்டாங்க.

இன்னொரு சமாச்சாரம், கார்னோபா உருகறது 82 டிகிரிக்கு மேல, தேன்மெழுகு 62, 64 டிகிரியிலயே உருகிடும். "எங்க வாக்ஸ் வெயில்ல உருகாது"ன்னு கடைக்காரர் சொல்றது சுத்தமான கார்னோபாவுக்கு சரி, ஆனா நீங்க தடவறது கலவையாச்சே, அதோட கணக்கே வேற.

இது எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, பிரேசிலோட வடகிழக்குல, சியாரா, பியாவின்னு வறண்ட மாநிலங்கள்ல வளர்ற ஒரு பனை. நம்ம பனைமரத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்கங்க, இதே மாதிரி விசிறி ஓலைதான். வறட்சியில ஓலையிலேர்ந்து தண்ணி ஆவியாகாம இருக்க அந்த மரமே தன் மேல மெழுகு பூசிக்குது, ஓலையை வெட்டி வெயில்ல காயவெச்சு அடிச்சா பொடியா உதிரும், அதை உருக்கி எடுக்கறாங்க. மிட்டாய் கவர்ல சேர்மானப் பட்டியல்ல ஐஎன்எஸ் 903ங்கற நம்பரைப் பாத்திருந்தா அதுவும் இதேதான். ஆனா மிட்டாய்ல போடறாங்களேன்னு டப்பாவுல இருக்கறது எல்லாமே "இயற்கை"ன்னு நம்பிடாதீங்க, மூடியைத் தெறந்ததும் பெயிண்ட் தின்னர் வாசம் வந்தா அது சால்வென்ட்.

வாங்கும்போது பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, டப்பாவுல "க்ளீனர் வாக்ஸ்"னு இருக்கான்னு. இருந்தா அதுல பெரும்பாலும் நைஸான அப்ரேசிவ் (தேய்க்கற பொடி) இருக்கும், ஒவ்வொரு தடவையும் க்ளியர் கோட்டை, அதாவது கலருக்கு மேல இருக்கற நெறமில்லாத பூச்சை, துளியூண்டு தேய்க்கும். கம்பெனி பெயிண்ட் மொத்தமே கிட்டத்தட்ட ஒரு ஏ4 பேப்பர் தடிமன்தான், அதுல மேல இருக்கற க்ளியர் கோட் பாதிக்கும் கம்மி. மூணு மாச வண்டிக்கு அது எதுக்கு?

கேள்வி: திருவான்மியூர்ல இருக்கேன், பார்க்கிங் ரோட்டுல, வேப்பமரத்தடியில. காக்கா எச்சம், உப்புக்காத்து, போர் தண்ணின்னு எல்லாமே இருக்கு. வாக்ஸ் போட்டா தாங்குமா? எப்படி போடறது? (சென்னை வாசகர்)

பதில்: தாங்கும், ஆனா நீங்க நெனைக்கற அளவுக்கு இல்ல. வாக்ஸ்ங்கறது பெயிண்டுக்குப் பதிலா அடி வாங்கிக்கற ஒரு தோல், அவ்ளோதான். எச்சம் அதுமேல விழுந்தா பெயிண்டைத் தொட கொஞ்சம் லேட்டாகும், அந்த நேரத்துக்குள்ள நீங்க தொடைக்கணும். ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் மேல போட்டு ஊறவெச்சு எடுங்க, காஞ்சதை நகத்தால சுரண்டாதீங்க.

உங்க மாதிரி வெயில்ல நிக்கற வண்டிக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம் வந்தாலே பெரிசு. வருஷம் முழுக்க முடியலன்னா வெயில் ஆரம்பிக்க முன்னாடி மார்ச்ல ஒண்ணு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி செப்டம்பர் கடைசியில ஒண்ணு, இந்த ரெண்டையாவது விடாதீங்க.

போடறதுல எல்லாரும் கோட்டை விடறது வாக்ஸுக்கு முன்னாடி. கார் ஷாம்பு போட்டு கழுவி (பாத்திரம் வெளக்கற லிக்விட் வேணாம்) நல்லா காஞ்சப்புறம் கையை ஒரு மெல்லிசான பாலிதீன் கவருக்குள்ள விட்டு பானட்ல லேசா தடவிப் பாருங்க. வெறுங்கைக்கு வழவழன்னு இருந்த பெயிண்ட் கவர் வழியா சொரசொரன்னு தெரியும், மரத்துப் பிசினும் பிரேக் தூசியும் ஒட்டிட்டு இருக்கறதுதான் அது. க்ளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கற களிமண் மாதிரி கட்டி) வாங்கி நெறைய ஷாம்பு தண்ணி விட்டு அதை எடுத்துடுங்க. இல்லேன்னா அழுக்கு மேலயே மெழுகு பூசின கதையாயிடும்.

அப்புறம் நெழல்ல, பாடி ஆறினப்புறம்தான் போடணும். நான் முதல்தடவை போட்டது மே மாசம், மொட்டை வெயில்ல, ஒரே மூச்சுல முழு வண்டிக்கும் தடவிட்டு உள்ள போய் காபி குடிச்சுட்டு வந்தேன், வந்து பாத்தா அப்பளம் மாதிரி காஞ்சு பிடிச்சிருக்கு. தொடைச்சு எடுக்க ரெண்டு மணிநேரம், மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியல. பானட், ஒரு கதவு, இன்னொரு கதவுன்னு துண்டு துண்டாத்தான் போகணும். ஸ்பான்ஜ்ல ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்து, தடவினது கண்ணுக்கு லேசா பனி படிஞ்சா மாதிரி மட்டும் தெரியணும். கெட்டியா அப்பினா ரெண்டு மடங்கு நாள் வரும்னு நெனைக்காதீங்க, எக்ஸ்ட்ராவா போட்டது அப்படியே துணிக்குத்தான் போகும். வெரலால ஒரு கோடு இழுங்க, இழுத்த எடம் ஈஷாம பளிச்சுன்னு தெரிஞ்சா தொடைக்கலாம், ஈஷினா இன்னும் கொஞ்சம் பொறுங்க. கறுப்பு பிளாஸ்டிக் பீடிங்ல படாம பாத்துக்கங்க, வெள்ளையா கறை பிடிச்சா லேசுல போகாது.

போர் தண்ணி விஷயத்துல மட்டும் வாக்ஸை நம்பாதீங்க. வாக்ஸ் இருந்தா தண்ணி முத்து முத்தா நிக்கும், ஃபோட்டோவுக்கு அழகு, ஆனா உப்புத்தண்ணி முத்து அப்படியே காஞ்சா ஒவ்வொண்ணும் ஒரு வெள்ளை வட்டம். கழுவினவுடனே தொடைச்சே ஆகணும்.

கேள்வி: கறுப்பு செடான். வாக்ஸ் போட்டும் வெயில்ல பாத்தா சிலந்தி வலை மாதிரி கோடு கோடா தெரியுது. டூப்ளிகேட் வாக்ஸா? (மதுரை வாசகர்)

பதில்: வாக்ஸ் மேல பழி போடாதீங்க. தெனமும் காலையில காஞ்ச தூசியை பழைய துணியாலயோ டஸ்டராலயோ தட்டறீங்கள்ல, அந்தக் கோடுதான் அது. வாக்ஸ்ல இருக்கற எண்ணெய் அதை ரெண்டு வாரம் மறைக்கும், அப்புறம் திரும்பத் தெரியும். கோடு போகணும்னா பாலிஷ், அது கீறல் விழுந்த க்ளியர் கோட்டை கொஞ்சம் செதுக்கறது, வாக்ஸ்ங்கறது மேல பூசறது, ரெண்டும் வேற. நம்ம ஊர்ல ரெண்டையுமே "பாலிஷ் போடறது"ன்னு சொல்லிச் சொல்லியே இந்தக் கொழப்பம். கடையில விடறதா இருந்தா "தேய்ப்பீங்களா, பூசுவீங்களா"ன்னு கேட்டுட்டு விடுங்க. வருஷாவருஷம் தேய்ச்சா ஒரு நாள் க்ளியர் கோட் உரிஞ்சு திட்டுத்திட்டா வெளுத்துடும், அப்புறம் ரீ-பெயிண்ட்தான்.

கேள்வி: ஷூ பாலிஷ்லயும் கார்னோபா இருக்காமே, அதைப் போடலாமா? தேங்காண்ணெய்? (ஈரோடு வாசகர்)

பதில்: பல ஷூ பாலிஷ்ல இருக்கறது நெஜம்தான், கூடவே சாயமும் இருக்கு. வெள்ளை வண்டியா இருந்தா ஃபோட்டோ அனுப்பிட்டு அப்புறம் போடுங்க. தேங்காண்ணெய் அரைமணிநேரம் ஜொலிக்கும், அப்புறம் ரோட்டுத் தூசி பூரா உங்க வண்டி மேலதான்.

கேள்வி: பம்பர் இடிச்சு போன வாரம்தான் டிங்கரிங், பெயிண்டிங் முடிஞ்சுது. உடனே வாக்ஸ் போட்டு காப்பாத்திடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: பொறுங்க. பட்டறை பெயிண்ட் உள்ளுக்குள்ள இன்னும் காஞ்சிட்டு இருக்கும், சால்வென்ட் வெளிய போற வழியை மெழுகு போட்டு அடைக்காதீங்க. குறைஞ்சது ஒரு மாசம், பெயிண்டர் ரெண்டு மாசம்னு சொன்னா ரெண்டு மாசம். அதுவரைக்கும் வெறும் தண்ணி, கார் ஷாம்பு, சுத்தமான துணி. மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயிண்ட்) வண்டி வெச்சிருக்கறவங்க மட்டும் இந்தப் பக்கமே வராதீங்க, வாக்ஸ் பட்டா அங்கங்க வழவழன்னு திட்டா தெரியும்.