எட்டு மணி அழைப்பு

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் வங்கிப் பணி. இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் போவதாகக் கைப்பேசியே கணக்குக் காட்டுகிறது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், இரண்டையும் விட்டு விலக முடிவு செய்து, யோகா, வீணை, இந்தி, மாடித் தோட்டம் என்று பட்டியலும் போட்டுவிட்டேன். முன்பு இரண்டு முறை முயன்று ஐந்தாம் நாளே தோற்றேன். ஊரில் தனியாக இருக்கும் அப்பா இரவு எட்டு மணிக்குப் பேசும்போதுகூட ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலி, பக்கத்து வீட்டு மாடு என்று அவரும் தினமும் அதே கதைதான். இம்முறை வெல்ல வழி சொல்லுங்கள்.
– வாசகி, கோவை

பதில்: வழியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். செயலிகளை நீக்கிவிட்டு, இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். (கணக்கையே அழிக்கச் சொன்னாலும் இன்ஸ்டாகிராம் 30 நாள் காத்திருக்கும்; அதற்குள் உள்ளே போய் மனதை மாற்றிக்கொண்டால் பழையபடி ஆகிவிடும்.) இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

போகிற போக்கில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதைத் தாண்டி வர முடியவில்லை. ஒரே பாட்டுக்கு நாற்பது பேர் ஒரே மாதிரி கையசைத்து ஆடுவதை வரிசையாகப் பார்க்கிற உங்களுக்கு, பெற்றவரின் முழங்கால் வலி மட்டும் எப்படி ‘அதே கதை’ ஆனது? எந்தக் கால் வலிக்கிறது, வலதா இடதா? அந்த மாடு கன்று போட்டதா, இவர் வாழையை மேய்ந்ததா? உங்களால் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்து எட்டு மணிக்கு அழைக்கும் மனிதருக்கு, மகளின் ‘ம்’ ஒரு நொடி பிந்தி வருவது கேட்காமல் இருக்குமா? கேட்டும் அவர் மறுநாள் அழைக்கிறார்.

ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தை நாமே தொட்டுத் திறக்க வேண்டியிருந்த காலம் உண்டு. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த இடைவெளியை எடுத்துவிட்டு, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார்; பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தவும் செய்தார். முடிவே இல்லாத அந்தத் திரையோடு போட்டி போட வேண்டியிருக்கும் உங்கள் அப்பாவோ, ஆறாவது நிமிடத்தில் “உனக்கு வேலை இருக்கும், வெச்சுடறேம்மா” என்று தானே முடித்துக்கொள்பவராகத்தான் இருப்பார்.

பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். மிச்சமாகும் மூன்றரை மணி நேரமும் உங்களுக்கே. அதில் ஒரு மனிதருக்கும் இடமில்லை. பெற்றோரைப் பேணுவது மாதாமாதம் பணம் அனுப்புவதோடு தீர்ந்துவிடும் என்று நான் நம்புவதில்லை. பழம்பஞ்சாங்கம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இப்போதிருக்கும் பட்டியல்படி நடந்தால், மண்டலம் முடியும்போது நீங்கள் இந்தி பேசுவீர்கள், அப்பா ஸ்பீக்கரிலேயே இருப்பார். அதோடு, வீணைப் பயிற்சியை ஒரு நாள் விட்டால் உங்களை ஏன் என்று கேட்க யாருமில்லை, அதனால்தான் ஐந்தாம் நாள் கை பழைய இடத்துக்குப் போகிறது என்பது என் கணிப்பு. எதிர்முனையில் ஒருவர் காத்திருக்கும் காரியத்தை அவ்வளவு எளிதில் கைவிட மாட்டீர்கள்.

வீணையும் இந்தியும் பத்து நாள் பொறுக்கட்டும். இன்று அவர் அழைக்கும்வரை காத்திராமல், ஏழே முக்காலுக்கு நீங்களே அழையுங்கள். கைப்பேசி காதில் இருக்கட்டும். எந்த முழங்கால், எத்தனை மாதமாக, மாடிப்படி ஏற முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருத்துவரிடம் யார் அழைத்துப்போவது என்ற இடத்துக்குப் பேச்சு வந்து நிற்கும். அப்போது அண்ணனையோ சித்தப்பாவையோ தேடாமல், வருகிற சனிக்கிழமை பேருந்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.