சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் பேசி, வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுவதை மாற்ற முடியுமா?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் குடியிருப்பு வாரியத்துடையது, அதாவது பழைய குடிசை மாற்று வாரியம், 2021-லிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். இடிப்பது, கட்டுவது, எத்தனை சதுர அடி, யாருக்கு வீடு என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ரிப்பன் மாளிகையில் கூடும் மன்றத்துக்கு அதில் நேரடி அதிகாரம் கிடையாது. ஆனால் மாநகராட்சி கட்டும் சந்தை, சமுதாயக் கூடம், பூங்கா, சாலை என்றால் மன்றத் தீர்மானம் வேண்டும்.

மன்றத்தில் நீங்கள் எழுந்து பேச முடியாது, உங்கள் வார்டு கவுன்சிலர்தான் பேச வேண்டும். தீர்மானங்கள் பல சமயம் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடுகின்றன, அதனால் கூட்டத்தன்று ஓடுவதில் பயனில்லை, அதற்கு முன்பே கவுன்சிலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏரியா சபை, அதாவது வார்டுக்குள் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டம். அதில் சாதாரண வாக்காளரே பேசலாம். அங்கே சொன்னதைப் பதிவேட்டில் எழுதினார்களா என்று நின்று பாருங்கள்.

கவுன்சிலரால் என்ன ஆகும் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலர்களே இல்லை, பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-இல் திறந்ததும் அந்த இடைவெளியில்தான். கேள்வி கேட்க ஒருவர் இருப்பதே பெரிய விஷயம்.

உங்கள் விஷயத்தில் மனு வாரியத்துக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் போக வேண்டும். காலி செய்யும் முன் ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும், திரும்ப அதே இடத்தில் வீடு தருவதற்கான எழுத்துப்பூர்வ உறுதியையும் கேட்டு வாங்குங்கள்.