ஜப்பானிய பாரம்பரிய முறையில் பச்சை குத்திக்கொள்ள ஆசை. ரொம்ப வலிக்குமா? எப்படித் தொடங்குவது?

வலிக்கும். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் முடிவு பண்ண வேண்டியது, பச்சை உடம்பில் எந்த இடத்தில் போய் நிற்கப் போகிறது என்பதை.

நான் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். இடது தோளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல் வரை ஒரு கொய் மீன், மேப்பிள் இலைகள், சுற்றிலும் அலை. முதல் நாள் போனில் ஒரு மீன் படத்தைக் காட்டி, உள்ளங்கை அளவுக்கு இதே மாதிரி வேண்டும் என்று கேட்டேன். ஹொரிஷி, அதாவது குத்துகிறவர், போனை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைத் தூக்கவும் மடக்கவும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த முறையில் மீன் பெரும்பாலும் தனியாக நிற்காது. அலை, காற்று, மேகம் என்று பின்னணி தசையோடு வளைந்து போய் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால்தான் எல்லை முக்கியம். முழங்கைக்கு மேலே நின்றால் கோபு, முன்கையில் பாதி வந்தால் ஷிச்சிபு, மணிக்கட்டு வரை போனால் தோபு. அரைக்கைச் சட்டைக்குள் மறைய வேண்டும் என்பதால் நான் கோபு எடுத்தேன். கூடவே செர்ரிப் பூவும் கேட்டேன், மறுத்துவிட்டார். மேப்பிள் இலை இலையுதிர் காலம், செர்ரி வசந்தம், இரண்டும் ஒரே தண்ணீரில் வராது என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது கையைப் பார்க்கும்போது தெரிகிறது.

கோடுகளை மெஷினில் போட்டார். நிழலும் நிறமும் தெபோரி, முழுக்கக் கையால். நீளமான ஒரு குச்சி, நுனியில் ஊசிக்கட்டு. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, அந்தக் கட்டைவிரல் மேலேயே குச்சியைத் தாங்கி, ஊசி தோலை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் ஷக், ஷக் என்று சத்தம். எனக்கு மெஷினை விட இது குறைவாகத்தான் வலித்தது, அக்குள் பக்கம் வந்தபோது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு இரண்டு மணி நேரம், ஒன்பது தடவை. மணிக்கு 12,000 யென் கொடுத்தேன். சுமி என்ற கருப்பு மை, புண் ஆறின பிறகு நீலம் கலந்து தெரிகிறது, அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு பாட்டி கையில் இருந்த பச்சை மாதிரியே இருக்கிறதே என்றார்.

அப்புறம், இங்கே இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872இல் மெய்ஜி அரசு தடை போட்டது, 1948 வரை நீக்கவில்லை. பச்சையை யாகுசாக்களோடு, அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல்களோடு, சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மருத்துவர் உரிமம் இல்லாமல் குத்தினார் என்று ஒசாகாவில் ஒருவர் மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குத்துவது மருத்துவத் தொழில் அல்ல என்று 2020இல்தான் முடிவானது. 2015இல் சுற்றுலாத் துறை கேட்டபோது, பதில் சொன்ன குளியல் விடுதிகளில் ஏறக்குறைய 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை விடுவதில்லை என்றன. ஆபீஸ் நண்பர்களோடு வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் ஹகோனே ஊருக்குப் போனபோது நானும் பொதுக் குளத்தில் இறங்க முடியாமல் அறையிலேயே குளித்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. வெந்நீர் ஊற்றுக்குப் போகும் ஆசை இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், குத்திய புண் ஆறும் வரை எந்தத் தொட்டியிலும் ஊறக் கூடாது. இப்போது தனி அறைக் குளியல் இருக்கும் விடுதியாகப் பார்த்துத்தான் புக் பண்ணுகிறேன்.