ஈரச் சாணை மெஷின்: கோணம் பிசகாமல் கத்தி தீட்ட எதை வாங்குவது, எதைக் கவனிப்பது?

கேள்வி: என்னிடம் வேகமாகச் சுற்றும் சாதாரணச் சாணை மெஷின் இருக்கிறது. அதில் கத்தி தீட்டியபோது நுனிப் பக்கம் நீலம் பூத்துவிட்டது. அந்த இடம் மட்டும் எவ்வளவு தீட்டினாலும் சீக்கிரம் மழுங்குகிறது. தண்ணீரில் ஓடும் மெஷின் வாங்கினால் தீருமா?

பதில்: தீரும். கத்தி எஃகைக் கடினப்படுத்திய பிறகு, அது உடையாமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். சாதாரண கார்பன் எஃகில் அந்தச் சூடு பெரும்பாலும் 150 முதல் 230 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் எஃகு இளகத் தொடங்கும். நீலம் பூக்க ஏறக்குறைய 300 டிகிரி வேண்டும். ஆக, உங்கள் கத்தியின் வாய் அந்த எல்லையைத் தாண்டிப் பதத்தை இழந்துவிட்டது. வாய் மிக மெல்லியது என்பதால் சூடு பரவ அங்கே இடமே கிடையாது. நிறம் மாறாமலேகூடப் பதம் இறங்கியிருக்கலாம்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடினால், கல்லின் முகம் நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் கத்தியை உரசுகிறது. ஈரச் சாணையில் 250 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 90 சுற்றுதான், நொடிக்கு 1.2 மீட்டர்கூட வராது. கல்லின் அடிப்பாகம் தொட்டியில் முங்கி வருவதால், கொஞ்சநஞ்சம் உண்டாகிற சூட்டையும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அரைபட்ட தூளையும் கழுவிவிடுகிறது.

அந்தக் கத்தியைத் தூக்கி எறிய வேண்டாம். நீலம் பட்ட பகுதி முழுக்கப் போய், உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும்வரை ஈரச் சாணையில் பொறுமையாக அரைத்தெடுங்கள். கத்தியின் அகலம் கொஞ்சம் குறையும்; பழைய உழைப்பு திரும்பிவிடும்.

கேள்வி: ஜிக்கோடு (கத்தியைக் கவ்விப் பிடிக்கும் கருவி) வரும் ஈரச் சாணை மெஷினில், கையேட்டில் சொன்னபடி பக்கத்துக்கு 15 டிகிரி வைத்துத் தீட்டுகிறேன். ஜிக் சாய்ந்து நிற்கும் தாங்கு கம்பியை முதல் நாள் இறுக்கியதோடு சரி, பிறகு அசைக்கவே இல்லை. ஆரம்பத்தில் அருமையாக வெட்டியது. இப்போது கூர் இருந்தும் கத்தி உள்ளே இறங்க மறுக்கிறது. கல் மட்டமானதா?

பதில்: கல்மேல் குற்றமில்லை. கம்பியை அசைக்காமல் விட்டதுதான் காரணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலரும் மெஷினை விற்றுவிட்டுப் போவது இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான்.

இந்த மெஷினில் கோணத்தை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: சக்கரத்தின் விட்டம், சக்கர அச்சிலிருந்து தாங்கு கம்பி இருக்கும் தூரம், கம்பியிலிருந்து கத்தியின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். கல் தேயத் தேய முதல் அளவு மாறிக்கொண்டே போகிறது. 250 மி.மீ. கல்லில், கத்தி 139 மி.மீ. நீட்டி நிற்க, 15 டிகிரிக்குக் கம்பியை இறுக்கியதாக வைத்துக்கொள்வோம். கல் 240 மி.மீ. ஆகத் தேய்ந்ததும், கம்பி அதே இடத்தில் இருந்தால் கோணம் ஏறக்குறைய 18 டிகிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 30 டிகிரி இருந்த வாய் 36 டிகிரி ஆகிறது. கூர் இருந்தும் இறங்க மறுப்பது இதனால்தான்.

கம்பியின் உயரத்தைச் சட்டத்திலிருந்து அளக்காமல் கல்லின் முகத்திலிருந்து அளந்து வையுங்கள். கல் தேய்ந்த அளவுக்குக் கம்பியையும் இறக்கி, இடைவெளியை மாற்றாமல் வைத்திருந்தால், அதே 10 மி.மீ. தேய்மானத்துக்குக் கோணம் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் பிசகும், 14-க்கு வரும். ஆனாலும் இதையே கடைசிவரை நம்ப முடியாது. கல் 180 மி.மீ. வரை தேய்ந்தபின் அதே இடைவெளி வைத்தால் கோணம் 7 டிகிரிக்குப் போய்விடும். அதனால் கல்லின் விட்டத்தை அவ்வப்போது அளந்து, விட்டத்துக்கு ஏற்பக் கோணம் காட்டும் அளவியில் அந்த எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நீட்டம். மேலே சொன்ன அமைப்பில் கத்தி 1 மி.மீ. கூடுதலாக நீட்டினால் கோணம் சுமார் 0.6 டிகிரி குறையும். கம்பி 1 மி.மீ. தள்ளிப்போனால் சுமார் 0.7 டிகிரி கூடும். கண்ணளவு இங்கே உதவாது. ஒரு பலகையில் சின்னக் கட்டை ஒன்றைத் தடுப்பாக அடித்து, ஒவ்வொரு கத்தியையும் அதில் முட்டவைத்து ஜிக்கில் நீட்டத்தை மாற்றும் திருகைச் சரிசெய்யுங்கள். எல்லாக் கத்திக்கும் ஒரே நீட்டம் வந்துவிடும்.

தொடங்குமுன் வாய்ச் சரிவில் (கூருக்காகச் சாய்வாக அரைபட்ட பட்டையில்) மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, மெஷினை ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பிப் பாருங்கள். மை முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, வாயோரம் மட்டும் அழிந்தால் அதிகம், முழு அகலத்துக்கும் அழிந்தால் பழைய கோணத்திலேயே இருக்கிறீர்கள்.

கேள்வி: ஒரு பக்கச் சரிவு அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வருகிறது. நுனிக்குப் போகப் போகச் சரிவு இன்னும் விரிகிறது. எனக்குக் கை வரவில்லையா?

பதில்: உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது. ஜிக்கின் ஒரு தாடை நிலையானது, மறு தாடை மட்டும் திருகில் நகர்கிறது என்றால், கத்தி நடுக்கோட்டில் நிற்காது. முதுகிலிருந்து வாய்வரை சீராக மெலியும் கத்தி என்றால் இன்னும் மோசம். முதுகு 2 மி.மீ. கனம், அகலம் 45 மி.மீ. என்று வைத்தால், நிலையான தாடையில் ஒட்டி நிற்கும்போது அந்தக் கத்தி 1.3 டிகிரி சாய்கிறது. ஒரு பக்கம் 16-க்கு மேலும் மறுபக்கம் 14-க்குக் கீழும் போய்விடும். இரண்டு தாடையும் ஒரே அளவில் நகர்ந்து கத்தியைத் தானே நடுவில் நிறுத்தும் ஜிக் கிடைக்கிறது. மெஷினை மாற்றுவதற்கு முன் அதை வாங்குங்கள்.

நுனியில் விரிவது, ஜிக்கைப் பிடிக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதன் அடையாளம். நுனி ஜிக்கிலிருந்து தூரம் போகப் போக நீட்டம் கூடும், கோணம் குறையும், சரிவு அகலமாகும். ஜிக்கை நுனிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். நுனியில் ஒடுங்கினால் மறுபடி பிடிப் பக்கம். எந்த இடம் ஒத்துவருகிறதோ, அதைக் கத்தியின் பெயரோடு ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

கேள்வி: புதிதாக வாங்கப் போகிறேன். பெயர்பெற்ற மெஷினா, அதே தோற்றத்தில் வரும் மலிவானதா? எத்தனை வாட் பார்க்க வேண்டும்?

பதில்: வாட்டைக் கடைசியாகப் பாருங்கள். இந்த வகையில் பலரும் அறிந்த பெயர் ஸ்வீடனின் டார்மெக். 1973-இல் தொடங்கிய கம்பெனி. அதன் தாங்கு கம்பியின் தடிமன் 12 மி.மீ. வேறு பல கம்பெனிகளும் அதே தடிமனில் கம்பி வைப்பதால், ஒருவர் ஜிக் இன்னொருவர் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறது. மலிவான மெஷினும் நல்ல ஜிக்கும் என்பது தாராளமாக நடக்கக்கூடிய ஏற்பாடு. விலை உயர்ந்த மெஷினில் மட்டமான ஜிக்கை மாட்டினால் மேலே சொன்ன சாய்வுதான் வரும்.

கடையில் கேட்டு ஓடவிட்டுப் பாருங்கள். மார்க்கர் பேனாவைத் தாங்கு கம்பியில் அழுத்திப் பிடித்து, முனை கல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கோடு சுற்று முழுக்க விழுந்தால் கல் வட்டமாக ஓடுகிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கல் துள்ளுகிறது. கல்லே வட்டம் தப்பியிருந்தால் வைர முனைக் கருவியால் முகத்தைச் சீவி நேராக்கிவிடலாம். அந்தக் கருவி மெஷினோடு வருகிறதா, தனியாகவாவது கிடைக்கிறதா என்று கேளுங்கள். அச்சே வளைந்திருந்தால் அந்த மெஷின் வேண்டாம். பிறகு கம்பியை இறுக்கிவிட்டுக் கையால் அழுத்துங்கள். அது அசைந்தால் நீங்கள் வைக்கும் எந்த அளவும் நிலைக்காது.

ஒரு பழைய இரும்புத் துண்டைக் கல்லில் ஓரளவு அழுத்திப் பிடித்து, சக்கரம் நின்றுபோகிறதா என்று பாருங்கள். பல மெஷின்களில் மோட்டார் தண்டு ரப்பர் பூண்ட உருளையை உரசித்தான் சக்கரத்தைத் திருப்புகிறது. அங்கே பிடிப்பு இல்லையென்றால் வாட் எத்தனை இருந்தும் உபயோகமில்லை. பெயர்ப் பலகையில் எஸ்1 என்றிருந்தால் மோட்டார் தொடர்ந்து ஓடும். எஸ்2, 30 நிமிடம் என்றிருந்தால் அதற்குமேல் ஓட்டாமல் ஆறவிட வேண்டும். நாள் முழுக்கத் தீட்டிக் கொடுக்கிற தொழிலென்றால் எஸ்1-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாற்றுக் கல்லைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். அச்சுத் துளையும் விட்டமும் பொருந்தும் கல் தனியாகக் கிடைக்காத மெஷின், முதல் கல் தேய்ந்ததும் மூலைக்குப் போய்விடும்.

கேள்வி: வைரச் சக்கரம் வாங்கினால் தேய்மானக் கணக்கே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். வைரத் துகள் எஃகுச் சக்கரத்தின்மேல் மெல்லிய படலமாகப் பதிந்திருக்கிறது, விட்டம் மாறாது. ஒருமுறை வைத்த கோணம் நிற்கும். துல்லியம்தான் உங்கள் முதல் தேவை என்றால் இதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. வனேடியம் அதிகமுள்ள எஃகில் இருக்கும் கார்பைடு துகள், சாதாரணக் கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். அதையும் வைரம் அரைக்கும். பீங்கான் கத்திக்கும் வைரம்தான் வேண்டும்.

சக்கரம் எஃகு என்பதால் தண்ணீரில் துருத் தடுப்புக் கரைசல் கலந்தாக வேண்டும். இன்னொன்று: சாதாரணக் கல்லை, தரம்மாற்றும் கல்லால் உரசி, 220 கிரிட் சொரசொரப்பிலிருந்து 1,000 கிரிட் அளவுக்கு மழமழப்பாக்கலாம், ஒரே கல்லில் இரண்டு வேலை. வைரத்தில் அது நடக்காது, ஒவ்வொரு கிரிட்டுக்கும் ஒரு சக்கரம் வாங்க வேண்டும். நன்றாக இருக்கும் சாதாரண கத்திகளை மட்டும் தீட்டுகிறவருக்குக் கல்லே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: வட்டக் கல்லில் தீட்டினால் சரிவு குழிவாகி வாய் பலமிழக்கும் என்று படித்தேன்.

பதில்: கத்திக்கு அந்தப் பயம் தேவையில்லை. சரிவின் அகலம் 1 மி.மீ. என்றால், 250 மி.மீ. சக்கரம் உண்டாக்கும் குழிவு 0.001 மி.மீ. சரிவு 8 மி.மீ. அகலமுள்ள உளியில்தான் அது 0.06 மி.மீ. வரை போய்க் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: கோணமெல்லாம் சரி. ஆனாலும் தீட்டிய அன்று மட்டும் சவரக்கத்தி போல வெட்டுகிறது, மறுநாளே மழுங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: பிசிறு போகவில்லை. ஒரு பக்கம் அரைக்கும்போது வாயோரத்து எஃகு மெல்லிய இழையாக மறுபக்கம் மடிகிறது. நிமிர்ந்து நிற்கும்வரை அந்த இழையே வெட்டும், அதை நாம் கூர் என்று நம்பிவிடுகிறோம். கொஞ்சம் வேலை செய்ததும் அது மடியும் அல்லது ஒடியும்.

கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, விளிம்புக்கு வெளியே வழுக்கிவிடுவதுபோல் லேசாக ஓட்டினால் பிசிறு நிற்கும் பக்கம் சொரசொரவென்று தட்டும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. கடைசிச் சுற்றுகளில் அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, பக்கத்துக்கு ஒருமுறை என்று மாற்றி மாற்றித் தீட்டினால் பிசிறு சிறுக்கும். மீதியை மெருகேற்றும் பசை தடவிய தோல் சக்கரம் எடுக்கும். அங்கே சக்கரம் வாயிலிருந்து விலகி ஓடும் திசையில்தான் கத்தியைப் பிடிக்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் தோலில் கத்தி பாய்ந்துவிடும், கைக்கும் ஆபத்து.

தோல் சக்கரத்திலும் ஜிக்கைக் கழற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லில் அரை டிகிரி பிசகாமல் உழைத்தவர்கள், இங்கே வெறுங்கையில் பிடித்து வாயை உருட்டிவிடுகிறார்கள். தோல் சக்கரத்தின் விட்டம் கல்லைவிடச் சிறியதாக இருக்கும் என்பதால் கம்பியை அதற்குத் தனியாக அளந்து வைக்க வேண்டும். அதே கோணம், அல்லது ஒரு டிகிரி மட்டும் கூடுதல்.

கேள்வி: ரம்பப் பல் கத்தியை இதில் தீட்டலாமா?

பதில்: வேண்டாம். தட்டையான கல் பல்லின் நுனியை மட்டும் தின்னும், பள்ளத்துக்குள் போகாது. கூம்பு வடிவ வைரக் கம்பியால் ஒவ்வொரு பள்ளமாகத் தீட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு கத்திதான். இந்த மெஷின் எனக்கு வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1,000 கிரிட் தீட்டுகல் ஒன்று போதும். வாய் தெறித்தவை, வடிவம் கெட்டவை எனப் பல கத்திகள் கையில் வரும்போதும், ஒரே கோணத்தை ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும்போதும்தான் மெஷினுக்கு வேலை.

கேள்வி: வேலை முடிந்ததும் தண்ணீரைத் தொட்டியிலேயே விடலாமா?

பதில்: கூடாது. கல்லில் தண்ணீருக்குள் நிற்கும் பாதி மட்டும் ஊறிக் கனத்து, அடுத்த முறை சக்கரம் சமநிலை தப்பி ஓடும். தொட்டியைக் கழற்றிக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை வழித்தெடுங்கள். தொட்டியின் ஓரத்தில் ஒரு காந்தம் இருந்தால் எஃகுத் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். புதுக் கல் முதலில் நிறையத் தண்ணீர் குடிக்கும். ஓடவிட்டு, மட்டம் இறங்குவது நிற்கும்வரை ஊற்றிவிட்டுத் தீட்டத் தொடங்குங்கள்.