இரவு ஷிஃப்ட் டிராகுலா

கேள்வி: 1931இல் வந்த 'டிராகுலா'வுக்கு ஸ்பானிஷ் பதிப்பும் உண்டாமே, அது டப்பிங்கா? நாயகி யார்?
– மதுரை வாசகர்

பதில்: டப்பிங் இல்லை, தனியாக எடுத்த படம். குரல், இசை, சத்தம் மூன்றையும் தனித்தனியே பதிந்து பிறகு கலக்கும் வித்தை அப்போது கைவரவில்லை. ஆகவே ஒரே கதையை மொழிக்கு மொழி மறுபடி படமாக்கினார்கள். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் பகலில், ஆங்கிலப் படத்தின் டிராகுலாவான பேலா லுகோசியின் குழு, இரவில் அதே செட்டில் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டின் ஸ்பானிஷ் குழு. மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது, மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தது.

இரவுக்காரர்களுக்கு ஒரு லாபம் இருந்தது. பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கோட்டைப் படிக்கட்டில் டிராகுலா மெழுகுவர்த்தியோடு தோன்றும் இடத்தைப் பாருங்கள்: ஸ்பானிஷ் படத்தில் கேமரா படியேறி அவரை நோக்கிப் போகிறது. ஆங்கிலப் படம் சுமார் 75 நிமிடம், இது 104 நிமிடம். ஆனால் டிராகுலாவாக வந்த கார்லோஸ் வில்லாரியாஸ் லுகோசிக்கு ஈடில்லை, கண்ணை உருட்டுவதே அதிகம். இன்னொரு குறை உச்சரிப்பு. ஸ்பெயின்காரர், அர்ஜென்டினாக்காரர், மெக்சிகோக்காரி எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களாகப் பேசினால் ஸ்பானிஷ் தெரிந்தவர் காதில் இடறாதா?

அந்த மெக்சிகோக்காரிதான் நாயகி லுபிதா தோவர். 1910இல் மத்தியாஸ் ரொமேரோவில் பிறந்தவர். படப்பிடிப்பின்போது வயது 20. தயாரிப்பாளர் பால் கோனரை 1932இல் மணந்தார். நடிகை சூசன் கோனர் இவர்கள் மகள். லுபிதா 2016இல், 106 வயதில் காலமானார்.

கேள்வி: அந்தப் படத்தின் டிஸ்க்கில் நடுவே கொஞ்ச நேரம் மட்டும் படம் மங்கலாகத் தெரிகிறதே, பிரதி கோளாறா?
– திருச்சி வாசகர்

பதில்: உங்கள் டிஸ்க்கில் கோளாறில்லை. மூல நெகட்டிவில் ஒரு ரீல் சிதைந்துபோனது. அந்தப் பகுதியை கியூபாவில் கிடைத்த பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள்.

கேள்வி: தோவர் நடித்த 'சாந்தா'வின் ஒலியில் என்ன விசேஷம்?
– கோவை வாசகர்

பதில்: 1932இல் மெக்சிகோவில் வெளியான படம். ரோட்ரிகஸ் சகோதரர்களின் கருவியால் ஒலியை ஃபிலிமிலேயே நேரடியாகப் பதிந்தார்கள். ஒலி தனி இசைத்தட்டில் இருந்தால், ஃபிலிம் அறுந்து பத்து ஃப்ரேம் போனாலே அதற்குப் பிறகு வாயும் பேச்சும் பொருந்தாது. ஃபிலிமின் ஓரத்திலேயே ஒலி இருந்தால் வெட்டிய இடத்தில் ஒரு குதி, அவ்வளவுதான். புரொஜெக்டரில் ஒலி படிக்கும் பாகம், படத்தின் மேல் ஒளி விழும் சாளரத்துக்குக் கீழே இருப்பதால், பிரதியில் ஒலி படத்தைவிடச் சுமார் 20 ஃப்ரேம் முன்னால் இருக்கும். ஃபிலிமைத் தளர்வாகக் கோத்தால் அந்தக் கணக்கு தவறி உதடு பிசகும்.